மிச்சம் வைத்த மூன்று டைம் அவுட்

ஞாயிறு, 2 யூலை 1989

வெயில். லண்டன் சனமெல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் கிடக்க, நாங்கள் போய்த் தோற்றுவிட்டு வந்தோம். 13–14. ஒரேயொரு புள்ளி.

பார்க்கிலிருந்து வீடு வரை சுதன் வாய் திறக்கவில்லை. "பசிக்குதோ?" "இல்லை." வெம்பிளி ஹை ரோட்டில் சிவப்பு லைட்டில் நிற்கும்போது, "தண்ணி வேணுமோ?" "வேண்டாமப்பா." காரின் இடதுபக்கக் கண்ணாடியில் அவன் முகம் பாதி தெரிந்தது. மீசை வரப் பார்க்கிறது. எப்போது தொடங்கியது?

பின்னேரம் குட்மேய்ஸிலிருந்து மச்சாள் போன்.

"என்ன அத்தான், பெடியன்ர மச் என்ன மாதிரி?"

"தோல்வி."

"எத்தினை கோல்?"

"கோல் இல்லை மச்சாள். இது அமெரிக்கன் புட்போல். பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடுறது."

"பிறகேன் புட்போல் எண்டு பேர்?"

"அதை அமெரிக்காக்காரனிட்டத்தான் கேக்கவேணும். காலால உதைக்கிறதுக்கெண்டு ஒரு பெடியன் இருப்பான். அதுதான் எங்கட சுதன். ரெண்டு கம்பத்துக்கு நடுவால, குறுக்குக் கம்பத்துக்கு மேலால பந்து போனா மூண்டு புள்ளி."

"போகேல்லையோ?"

"போகேல்லை."

"அப்ப நீங்கள் அங்க என்ன செய்யிறனீங்கள்?"

நல்ல கேள்வி.

நான் செய்வது: கழுத்தில் ஒரு ஸ்டொப்வாட்ச், தோளில் முகம் துடைக்கிற ஒரு சிவப்புத் துவாய். கோச் டெரிக் ஏப்ரலில் தந்த உத்தியோகம். கிழமை நாளில் அவன் பிளம்பர். "உங்கட ஆக்கள் கணக்கில கெட்டிக்காரர்தானே" என்றான். ஓ லெவலில் கணக்கில் இரண்டு தரம் குண்டு அடித்துப் பெயிலானவன் நான். சொல்ல வாய் வரவில்லை. வாட்ச் நல்ல பாரமாக, அழகாக இருந்தது.

பந்து வைத்திருப்பவனைக் கோட்டுக்கு உள்ளே விழுத்தினால் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த வேண்டுமானால் டைம் அவுட். ஒரு பாதிக்கு மூன்று. நான் துவாயைத் தூக்க வேண்டும். உள்ளே நிற்கும் கப்டன் லியோன் கண்டு நடுவரிடம் கேட்பான். கடைசி இரண்டு நிமிடம் முழுக்க என் பொறுப்பு.

இன்று கடைசி அரை நிமிடம். ஒரு புள்ளி பின்னுக்கு. கம்பம் கிட்ட. நேரம் ஓடுகிறது. டெரிக் அந்தக் கரையிலிருந்து கத்துகிறான். நான் துவாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மனதுக்குள் ஒன்றுதான்: இதைவிட மோசமாக ஒன்று வந்தால் என்ன செய்வது, இருக்கட்டும். அது மோசமாகிக்கொண்டிருப்பதே எனக்குப் படவில்லை. பெடியன்கள் அவதிப்பட்டு ஓடி வந்து நின்றார்கள். பந்தை நிறுத்திப் பிடிக்க வேண்டியவன் சரியாகப் பிடிக்க முதல் சுதன் உதைத்துவிட்டான். இடப்பக்கத்தால் போனது. விசில்.

டெரிக் வந்தான். "எத்தினை மிச்சம் சிவா?"

"மூன்றும்."

"கவனமா வச்சிரு. கிறிஸ்மஸுக்கு உதவும்."

மச் முடிந்ததும் அவை செத்துப்போகும் என்பது எனக்குத் தெரியாமலில்லை.


திங்கள், 3 யூலை

ஆறு மணி ஷிப்ட். பாண் பேக்டரியில் வெக்கை தாங்க ஏலவில்லை. மாப் புழுதி கழுத்து வியர்வையில் பட்டு ரொட்டியாகிறது. வலப்பக்கக் கடைவாய்ப்பல் மறுபடி.

வீட்டுக்கு வர டெரிக்கின் போன். அவன் இங்கிலீஸில் சொன்னதை என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

"பெடியங்களுக்குக் கோபம், சிவா. உன்ர மகன் அவங்களுக்குச் சொல்லிப்போட்டான்."

"என்ன சொன்னவன்?"

"நீ துவாயைத் தூக்கப் போனனியாம். அவன்தான் கையைக் காட்டி வேண்டாம் எண்டவனாம். தனக்கு டைம் அவுட் தேவையில்லை எண்டு."

போன் வயரைப் பிடித்து முறுக்கினேன்.

"கெட்டித்தனம் காட்டித் தோற்கப்பண்ணிட்டான் எண்டு சொல்லுறாங்கள். வாற ஞாயிறு வேற ஒருத்தன் உதைக்கட்டுமாம். நான் வியாழன் பயிற்சியில முடிவு சொல்லுறன்."

சுதன் கை காட்டவில்லை. என் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அவன் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆக காரில் அவன் பேசாமல் வந்தது என்மேல் கோபத்தில் இல்லை. உடுப்பு மாற்றுகிற இடத்தில் என் பிழையைத் தன் தோளில் போட்டுக்கொண்டுவிட்டு வந்திருக்கிறான். நான் தண்ணி வேணுமோ என்று கேட்டுக்கொண்டு.

வாற ஞாயிறு சீசனின் கடைசி மச். செப்டெம்பரில் அவன் அபர்டீன் யூனிவர்சிட்டிக்குப் போகிறான். பிறகு இந்த அணியும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து சீட்டில் அவனும் இல்லை. கடைசி மச்சில் அவன் கரையில் உட்காருவதா, என் துவாயால்?

மனைவி மலரிடம் சொன்னேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் ஏனப்பா துவாயைத் தூக்கேல்லை?"

"இன்னும் அவசரமா ஒண்டு வந்தா எண்டு..."

அவள் கையால் கண்ணாடி அலுமாரியைக் காட்டினாள். உள்ளே பூப்போட்ட கோப்பைகள், ஆறு. பழசு உடைந்தால் எடுப்போம் என்று வைத்தது. பழசு உடைவதாயில்லை.


செவ்வாய், 4 யூலை

புழுக்கம். மலருக்குப் பின்னேர ஷிப்ட். சோறும் பருப்பும் நான். உப்புக் கூடிப்போயிற்று. துசி, "அப்பா, இது கடல் பருப்பா?" என்றாள். பதினொரு வயதில் இந்த வாய்.

டெரிக்குக்கு போன் எடுத்து உண்மையைச் சொல்ல மூன்று தரம் முயற்சி.
முதல் தரம்: லைன் பிசி.
இரண்டாம் தரம்: அவன் மனைவி. "குழாயில் என்ன பிரச்சினை?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.
மூன்றாம் தரம்: எடுக்கவில்லை. நான்தான்.

போனில் என் இங்கிலீஸ் இன்னும் கேவலம். கையை ஆட்ட ஏலாது. வியாழன் நேரே சொல்வதுதான் சரி.

சுதனிடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாது. அவனுடைய சப்பாத்து கதவடியில் ஞாயிறு கழற்றியபடியே. வழக்கமாகச் செவ்வாய் பின்னேரம் பந்தைத் தூக்கிக்கொண்டு தனியே பார்க்குக்குப் போவான். இன்று போகவில்லை. ரீவியும் போடவில்லை.


புதன், 5 யூலை

ரயில் ஸ்ட்ரைக். வேலைக்கு வரும் மற்ற இரண்டு பேரையும் காரில் ஏற்றி இறக்க வேண்டியதாயிற்று. ரோட்டில் எறும்பு மாதிரி வாகனம்.

செய்ய வேண்டியது: பல் டொக்டருக்கு போன். துசியின் பள்ளிக்கூடச் சப்பாத்து. பின் தோட்டத்துப் புல். அரிசி. ஒன்றும் செய்யவில்லை.

இரவுச் சாப்பாட்டில் சுதன், தட்டைப் பார்த்துக்கொண்டு: "நான் நாளைக்குப் பயிற்சிக்குப் போகேல்லையப்பா."

"ஏன்?"

"அலுப்பா இருக்கு."

"ஞாயிறு?"

தோளை ஒரு குலுக்கு. இங்கே படித்த பழக்கம். ஓமா இல்லையா என்று அந்தத் தோளில் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் வரவில்லை.

துசி: "அண்ணா is scared."

"வாயை மூடு."

"You are."

"துசி, சாப்பிடு" என்றாள் மலர். அவனுடைய தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஒரு நல்ல குறி.

வெறும் கூச்சம் என்று நினைத்திருந்தேன். இல்லை. உதைக்கவே பயந்துவிட்டான். பொய் சொல்லி என்னைக் காப்பாற்றப் போய், அந்தப் பொய்யில் தானே மாட்டிக்கொண்டான். எல்லாரும் அவனைத்தான் பார்க்கிறார்கள். அடுத்த உதையையும் பார்ப்பார்கள்.

"நாளைக்கு நான் போகத்தான் வேணும், வாட்சைத் திருப்பிக் குடுக்க" என்றேன். "கூட வா. காரில இருந்தாலும் பரவாயில்லை."


வியாழன், 6 யூலை

வந்தான். காரிலேயே இருந்தான்.

பெடியன்கள் அங்கே கம்பத்தடியில் முட்டிமோதிக்கொண்டு. டெரிக் வாயில் விசிலோடு. நான் போய்த் துவாயையும் வாட்சையும் நீட்டினேன். பேக்டரியில் இரண்டு நாள் மனப்பாடம் செய்த வசனம் முழுதும் போய்விட்டது. மிச்சமாக வந்தது: "சுதன் கை காட்டவில்லை. நான் தூக்கவில்லை. பிழை என்னுடையது."

டெரிக் விசிலை எடுத்தான். "எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"நான் கத்தினது ஆரைப் பாத்து எண்டு நினைச்சாய்? உன்ர துவாயைப் பாத்து, மேட். அதைப் பிள்ளையைப் பிடிச்ச மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிண்டாய்."

"பிறகு ஏன் போனில் சொல்லேல்லை?"

"நீ சொல்லுறியோ எண்டு பாக்க." பிறகு, "எனக்குச் சொன்னது காணாது. அவங்களுக்குச் சொல்லு."

முப்பது பெடியன்கள், ஹெல்மெட் என்கிற தலைச்சட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னைவிட ஒரு முழம் உயரம். சொன்னேன். நான் இங்கிலீஸ் கதைப்பதை மலர் நடித்துக் காட்டுவாள், அதே மாதிரித்தான் கதைத்திருப்பேன். முடிந்ததும் முதலில் வாய் திறந்தது லியோன்தான், மிகவும் மரியாதையாக:

"மிஸ்டர் சிவா, மிச்ச டைம் அவுட்டை வீட்டை கொண்டுபோகலாம் எண்டு நினைச்சியளோ?"

சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம். பிரிட்ஜில் வைக்க" என்றேன். அதற்குப் பெரிய சிரிப்பு. அப்போதுதான் கண்டேன், சுதன் காரை விட்டிறங்கி வேலியடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

லியோன் அவனைப் பார்த்து ஒரு பந்தை எறிந்தான். பிடித்தான். அவ்வளவுதான் முடிவு, டெரிக் சொல்ல வேறொன்றும் இருக்கவில்லை.

துவாயை மறுபடி நீட்டினேன். டெரிக் வாங்கவில்லை. "வேற ஆர் இருக்கினம்? மற்றத் தகப்பன்மார் மழை பெய்தா வராயினம். நீ எல்லா ஞாயிறும் வாறாய். வடிவா நிக்கிறாய். தூக்கிறதை மட்டும் பழகு."

வரும் வழியில் சுதன் வெடித்தான்.

"ஏன் சொன்னனீங்கள்? நான் சமாளிச்சிருப்பன்."

"என்ர பிழையை நீ ஏன்ரா காவுறாய்?"

"அவங்கள் உங்களைப் பாத்துச் சிரிப்பாங்கள் எண்டு."

"உன்ர அம்மா இருபது வருசமாச் சிரிக்கிறா. பழகிட்டுது."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். தோள் குலுங்கியது. இந்தக் குலுக்கு வேறு. சிரிப்பென்று நினைக்கிறேன். வண்டி ஓட்டும்போது முழுதாகத் திரும்பிப் பார்க்க ஏலாதே.

பயிற்சியில் ஐந்து உதை. இரண்டு உள்ளே. மூன்று வெளியே. காலில் இன்னும் பயம் இருக்கிறது.


வெள்ளி, 7 யூலை

பல் டொக்டர். ஒரு பல் போயிற்று. பாதி வாய் மரத்துப்போய்த் தேத்தண்ணி சேட்டில் ஊற்றிக்கொண்டேன். வேறு எழுத ஒன்றும் இல்லை. சுதன் பந்தோடு பார்க்குக்குப் போனான், ஆனால் சீக்கிரம் திரும்பிவிட்டான். கேட்கவில்லை.


சனி, 8 யூலை

மத்தியானம் மழை, பிறகு வெளித்தது. சாப்பிட்ட பிறகு சுதன் மேசையில் எனக்கு வகுப்பு எடுத்தான். உப்புப் போத்தல் எங்கள் அணி. மிளகுத்தூள் மற்ற அணி. பருப்புப் பேணிகள் இரண்டும் கம்பங்கள். எலுமிச்சங்காய் பந்து.

"அப்பா, இப்ப உப்பை உள்ளுக்க விழுத்திட்டாங்கள். நேரம்?"

"ஓடுது."

"கரைக்கு வெளியால போனா?"

"நிக்குது."

"எறிஞ்ச பந்து கீழ விழுந்தா?"

"நிக்குது."

"Wow, அப்பா" என்றாள் துசி.

"சரி. ஒரு புள்ளி பின்னுக்கு. பந்து எங்களிட்ட, கம்பத்துக்குக் கிட்ட. ஒரு நிமிசம் மிச்சம், ஒரு டைம் அவுட். என்ன செய்வியள்?"

நான் உடனே கையைத் தூக்கினேன். பாடம் படித்தவன் அல்லவா. "துவாய்! உடன!"

"பிழை."

"பிறகு? போன கிழமை தூக்கேல்லை எண்டு ஏச்சு. இப்ப தூக்கினாலும் பிழை எண்டா?"

மலர் சிங்கடியில் பாத்திரம் கழுவிக்கொண்டு, திரும்பாமலே: "இப்ப நிப்பாட்டி உதைச்சு வெண்டா, மற்றவைக்கு ஒரு நிமிசம் கிடைக்குமெல்லோ? அவை திருப்பி அடிச்சுப்போடுவினம். நேரத்தை ஓட விட்டிட்டு, கடைசி மூண்டு நாலு செக்கனிலதான் நிப்பாட்ட வேணும். உதைச்ச உடன முடிஞ்சுபோகும்."

சுதன் உப்புப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தான்.

"அம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பால் பொங்கி வரேக்க என்ன செய்யிறன்? பாத்துக்கொண்டு நிண்டு விளிம்புக்கு வரத்தான் அடுப்பை நிப்பாட்டுறன். உன்ர அப்பா ஒண்டில் பச்சைப்பாலை இறக்குவார், இல்லாட்டி அடுப்பைக் கழுவுவார்."

நடுவில் எனக்கு ஒன்றும் வராது என்பது உண்மைதான். வருவது இரண்டே: பிடித்து வைப்பது, பதறிக் கொடுப்பது.

துவாயை மலரிடம் தந்துவிடலாமா என்று டெரிக்கைக் கேட்க யோசித்தேன். அவளுக்குச் சொன்னேன். "ஏன், உங்களுக்குக் கை இல்லையோ?" என்றாள். பிறகு, "அவன் உங்களைத்தான் பாப்பான்" என்றாள், கொஞ்சம் மெதுவாக.

மகன் படிகளில் ஏறிக்கொண்டே: "அப்பா, நாளைக்கு நான் விட்டாலும் நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது. தண்ணி வேணுமோ எண்டும் கேக்கக்கூடாது."

"சரி."

"Promise?"

"ஓமடா."


ஞாயிறு, 9 யூலை

தோற்றோம். 16–17. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

லூயிஷாம் பக்கமிருந்து வந்த அணி. பெரிய பெரிய பெடியன்கள். மலரும் துசியும் முதல் தரமாகப் பார்க்க வந்திருந்தார்கள். மலர் சோற்றுப் பார்சலும் மடக்குக் கதிரையும். நல்ல வெயில்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நடந்த அவமானம்: முகமெல்லாம் வியர்வை. துவாயை எடுத்துத் துடைத்தேன். விசில். பார்த்தால் லியோன் நடுவருக்கு முன்னால் இரண்டு கையாலும் T எழுத்துக் காட்டிக்கொண்டு நிற்கிறான். டைம் அவுட். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், என்ன பெரிய திட்டம் என்று. டெரிக் ஓடி வந்தான்.

"என்ன சிவா? என்ன கண்டாய்?"

"வியர்வை."

அவன் புல்லில் குந்திவிட்டான். மலரின் கதிரைப் பக்கம் நான் திரும்பவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு முகத்தைச் சேட் கையால்தான் துடைத்தேன். இரண்டாவது டைம் அவுட்டை டெரிக் சொல்லித் தூக்கினேன், அது சரியான இடம். ஒன்று மிச்சம்.

கடைசியில் மேசையில் வைத்த மாதிரியே வந்தது. ஒரு புள்ளி பின்னுக்கு. பந்து எங்களிடம், கம்பத்துக்குக் கிட்ட. மற்றவர்களிடம் டைம் அவுட் ஒன்றுமில்லை. என் வாட்சில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. லியோன் பந்தோடு நடுவால் ஓடி விழுந்தான், கோட்டுக்கு உள்ளே. நேரம் ஓடுகிறது.

கரையில் நின்ற தகப்பன் தாய்மார் எல்லாம் ஒரே கூச்சல். "டவல்! டவல்!" போன கிழமைக் கதை எல்லாருக்கும் தெரியும். "சிவா, டவல்!" ஒரு மனிசன் என் தோளில் தட்டியே சொன்னார். டெரிக் பக்கத்தில் நின்றான். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தால் நான் உடனே செய்திருப்பேன். அதுதான் சொல்லவில்லை போலிருக்கிறது.

இன்னொரு ஓட்டம். விழுந்தான். உள்ளேதான். முப்பது செக்கனுக்கு மேலே. கூச்சல். "அப்பா!" என்று துசி. நான் வாட்சைப் பார்க்கிறேன். என் கை தூக்கப் போகிறது, நான் பிடிக்கிறேன். சத்தியமாக மற்றக் கையால் பிடித்தேன். இருபது. பத்து. லியோன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி. நல்ல பிள்ளை அது. ஆறு. ஐந்து. தூக்கினேன்.

விசில்.

நடுவர் தன் கடிகாரத்தைப் பார்த்து மூன்று விரல் காட்டினார்.

கரையில் கூச்சல் பட்டென்று நின்றது. பிறகுதான் விளங்கியது போலிருக்கிறது ஆட்களுக்கு. டெரிக் என் தலையைப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் தந்தான். வெள்ளைக்காரன் ஒருவன் என்னைக் கொஞ்சினது முதல் தரம். சவரம் செய்யாத முகம்.

சுதன் தண்ணீருக்குக் கரைக்கு வந்தான். போத்தலைக் கொடுத்தேன். தண்ணி வேணுமோ என்று கேட்கவில்லை, சும்மா நீட்டினேன். கொஞ்சம் குடித்தான்.

"சரியா எடுத்தீங்கள்" என்றான்.

"இந்தமுறை வியர்வை துடைக்கேல்லை."

தலைச்சட்டிக்குள் பல் தெரிந்தது. பிறகு, மெதுவாக, தமிழில், வேறு ஒருவருக்கும் விளங்காதபடி: "கால் நடுங்குதப்பா."

"எனக்கு ரெண்டும் நடுங்குது. உனக்கு ஒண்டுதானே வேணும்."

என்னைப் பார்த்தான். நான் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே என் முழங்கால் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து பார்த்தான். கண்டான். சிரித்தான், சத்தமாக. அந்த லூயிஷாம் பெடியன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவனுக்கு வலப்பக்கத்தில் நின்றால் வெயில் அவன் கண்ணில் படாது என்று பட்டது, அங்கே போய் நின்றேன். அவனும் அதைக் கண்டான் என்று நினைக்கிறேன். நடுவர் கை காட்டினார். போத்தலைத் திருப்பித் தந்துவிட்டு நடந்தான். ஓடவில்லை. நடந்தான்.

இரண்டு அடி பின்னுக்கு. ஒரு அடி பக்கத்துக்கு. பந்தைப் பிடித்தவன் வடிவாகப் பிடித்தான். நல்ல உதை. கண்ணால் கண்டேன், நல்ல உதை. அவதி இல்லை, பயம் இல்லை. வலப்பக்கக் கம்பத்தில் பட்டது. "ணங்" என்று ஒரு சத்தம், பார்க் முழுக்கக் கேட்டிருக்கும். பட்டு வெளியே விழுந்தது.

மற்ற அணி குதித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடியது. எங்கள் பெடியன்கள் புல்லில் படுத்தார்கள். லியோன் போய் அவன் தலைச்சட்டியில் இரண்டு தட்டுத் தட்டினான். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன், ஆராவது சுளிக்கிறார்களா என்று.

நேரே என்னிடம் வந்தான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன், சத்தியம் செய்தது. அவன்தான் தொடங்கினான்.

"இது என்ர."

"என்ன?"

"போன கிழமை உங்கட. இது என்ர. நீங்கள் இதுக்குள்ள வரக்கூடாது."

"சரி."

"வடிவாத்தான் அடிச்சனான்."

"கண்டனான்."

"ரெண்டு விரக்கடை இடப்பக்கம் போயிருந்தா..."

"கண்டனான்ரா."

மலர் வந்து அவன் தலைமயிரைக் கலைத்தாள். நனைந்திருந்தது. "சத்தம் நல்லா இருந்துது" என்றாள். அவள் சொன்னதில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புல்லில் இருந்து சோறு சாப்பிட்டோம். லியோனுக்கும் ஒரு பார்சல். கத்தரிக்காய்க் குழம்பு உறைப்பில் அவன் கண்ணில் தண்ணீர். அழுகிறான் என்று மற்றப் பெடியன்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள்.

வரும்போது காரில் சுதன் ஓயாமல் பேசினான். காற்று, கம்பம், எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது, கால்விரல் எங்கே பட்டது. பாதி எனக்கு விளங்கவில்லை. ஓம், ஓம் என்றுகொண்டு வந்தேன். வெம்பிளி ஹை ரோட்டில் பச்சை விழுந்தும் எடுக்காமல் நின்றிருக்கிறேன். பின்னால் ஹோர்ன்.


திங்கள், 10 யூலை

தூறல். ஆறு மணி ஷிப்ட். காலையில் போகும்போது எல்லாரும் நித்திரை.

பேக்டரியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நேற்று ஒரே நிலையில் விறைத்து நின்றதால். விளையாடினவன் நான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

துசியின் சப்பாத்து வாங்கியாயிற்று. புல் இன்னும் இல்லை.

சீசன் முடிந்தது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வதென்று மலரைக் கேட்டேன். "புல்லு வெட்டலாம்" என்றாள்.

இதை எழுதிக்கொண்டிருக்க, மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தான். காலில் அந்தச் சப்பாத்து, கக்கத்தில் பந்து.

"அப்பா, பார்க்குக்கு வாறியளோ?"

"மழை பெய்யுதெல்லோ. சீசன் முடிஞ்சுதெல்லோ."

"அபர்டீனிலயும் ஒரு ரீம் இருக்காம். நான் உதைக்கிறன். பந்து பொறுக்க ஆள் வேணும்."

"இடுப்பு ஏலாதடா."

"மெதுவா ஓடுங்கோ."

அதற்குள் வாசலில் போய் நின்று மணியை அடிக்கிறான், கதவைத் திறந்து கையை மட்டும் வெளியே நீட்டி. வாறன், வாறன்